ஆண்டறிக்கை: வாலிபர் ஊழியமும் வந்துபோன குழுக்களும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் மிஷனெரியின் குடும்பத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் அங்கத்தினர் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம். சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு ஒன்பது முறை கூடியது. மேலும் இரண்டு முறை அழைப்பு அனுப்பியும் போதிய உறுப்பினர் வராததால் கூட்டம் நடக்கவில்லை. யார் வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, இங்கே வாசிக்கவில்லை.

முதலில் ஒரு திருத்தம். சென்ற ஆண்டறிக்கையில் "பணித்தளத்தில் சந்திக்கப்பட்ட சிறுவர், வாலிபர்" என்று பெரிய எண் ஒன்றைக் கொடுத்திருந்தேன். கைதட்டலும் கிடைத்தது. அந்த எண்ணைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாங்கும் சபைகளிலிருந்து பணித்தளத்துக்கு வந்துபோன ஒவ்வொரு குழுவும் தான் சந்தித்தவர்களை எண்ணி எனக்கு எழுதியது. நான் எல்லாவற்றையும் கூட்டினேன். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் எல்லாக் குழுக்களும் எண்ணியது அதே பிள்ளைகளைத்தான். "உங்கள் அறிக்கையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் வந்துவிட்டால் உட்கார இடம் போதாது" என்று மிஷனெரி எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே இவ்வாண்டு அப்படி ஓர் எண் இல்லை. சனிக்கிழமைக் கூடுகைக்குத் தொடர்ந்து வருபவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றே இனி நமக்குக் கணக்கு. அது மிஷனெரியிடம் இருக்கிறது, அவரிடமே இருக்கட்டும்.

ஆண்டின் முதல் பாதியில் ஐந்து குழுக்கள் பணித்தளத்துக்குச் சென்றன. அதற்குக் காரணம் நான். தாங்கும் சபைகள் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. வந்து பார்த்தவர்கள் கூடுதலாகத் தாங்குவார்கள் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. மிஷனெரியைக் கேட்டேனா என்றால், கேட்டேன்; தேதியை முடிவுசெய்த பிறகு கேட்டேன்.

குழு வரும் வாரங்களில் சனிக்கிழமைக் கூடுகை குழுவின் நிகழ்ச்சியாக மாறிவிடும். கிட்டார், செய்கைப் பாட்டு, ஒரு மௌன நாடகம், ஒரு தேவசெய்தி, கடைசியில் ஒரு படம். ஐந்து குழுக்களில் மூன்று ஒரே மௌன நாடகத்தைக் கொண்டுவந்தன. ஒரு வாலிபனைப் பணமும் போதையும் கேளிக்கையும் மாறிமாறிக் கயிறு கட்டி இழுக்கும். முடிவில் மீட்பர் குறுக்கே வந்து கட்டுகளை அவிழ்ப்பார். மூன்றாம் முறை நடந்தபோது, சோதனைக்காரனாக நடித்தவர் கயிற்றை எடுக்க மறந்துவிட்டார். முன்வரிசையில் இருந்த நம் பையன் ஒருவன் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தான். குழுவினர் இதைத் தங்கள் கடிதத்தில் "பிள்ளைகளின் ஈடுபாடு" என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்ததை அப்படிக் கடக்க முடியவில்லை. கூடுகைக்கு வரும் மகள்களில் ஒருத்தி நன்றாகப் பேசுவாள். ஒவ்வொரு குழுவும் அவளைச் சாட்சி சொல்ல, அதாவது தன் வாழ்க்கையில் தேவன் செய்ததை எல்லார் முன்பும் சொல்லச் சொன்னது. நான்காம் குழு போன பிறகு அவள் மிஷனெரியிடம் வந்து, "அண்ணா, நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். அவர்கள் அழுதார்கள். அழுவதைப் பார்த்ததும் இன்னும் சொல்ல வேண்டும்போல் இருந்தது" என்றாளாம். அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். தவறு அவளுடையது என்று செயற்குழுவில் ஒருவரும் நினைக்கவில்லை. விருந்தினர் முன்பு வாலிபர் எவரையும் சாட்சி சொல்லக் கேட்பதில்லை என்று அன்றே முடிவாயிற்று.

ஐந்தாம் குழு புறப்பட்ட மறு சனிக்கிழமை கூடுகைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். வழக்கமாக முப்பதுக்குக் குறையாது. அன்று, வாலிபர்கள் பெயர் எழுதாமல் சீட்டுப் போடும் கேள்விப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்றில், "அடுத்த குழு எப்போது வரும்?" மற்றதில், வேறு கையெழுத்தில், "நாம் மட்டும் கூடுவது எப்போது?" மிஷனெரி விளக்கம் ஒன்றும் எழுதாமல் அந்த இரண்டு சீட்டுகளையும் எனக்கு அனுப்பிவைத்தார். செயற்குழுக் கூட்டத்தில் அவற்றை வாசித்தேன். மூன்று மணி நேரம் பேசினோம். இவ்வாண்டு நாம் உருப்படியாக நடத்திய கூட்டம் அது ஒன்றே என்பது என் கருத்து.

விருந்தினரை வேண்டாம் என்று சொல்வது வேதத்துக்கு ஒக்குமா என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. யோவானின் மூன்றாம் நிருபமே பிரயாணம் செய்யும் ஊழியர்களை ஏற்றுக்கொண்ட காயுவைப் பாராட்டி, ஏற்றுக்கொள்ளாத தியோத்திரேப்பைக் கண்டிக்க எழுதப்பட்டது. ஆனால் ஆதித் திருச்சபை வந்தவர்களையெல்லாம் வரையறை இல்லாமல் தங்கவைக்கவில்லை. டிடாக்கே என்ற பழைய சபைக் கையேடு ஒன்று உண்டு. வெகுகாலம் காணாமற்போயிருந்த அதன் கிரேக்கப் பிரதியை 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிலோதியோஸ் பிரையென்னியோஸ் கண்டெடுத்தார். 1883-இல் அச்சில் வெளியிட்டார். வருகிற அப்போஸ்தலனைக் கர்த்தரைப்போல ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறது அது. அவன் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி. கடைசி விதியைப் பொருளாளர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

நம்முடைய விதி அவ்வளவு கடுமையானது அல்ல. ஆண்டுக்கு இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் எட்டுப் பேருக்குள், ஏழு நாட்களுக்குள். மிஷனெரி குடும்பம் சம்மதித்த பிறகே தேதி. நிகழ்ச்சியை வகுப்பவர்கள் அங்குள்ள வாலிபர்கள். பெரியவர் எவரும் ஒரு சிறுபிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, அவர் ஆயராக இருந்தாலும். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளைப் படம் எடுக்கவோ வெளியிடவோ கூடாது. தனிப்பட்ட பரிசு எவருக்கும் இல்லை. எல்லை கடந்து வருபவர்கள் எந்த விசாவில் வருகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மதப் பணி செய்வதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. வந்தவர் ஊர் திரும்பிவிடுவார். விசாரணைக்குப் பதில் சொல்வது அங்கேயே குடியிருக்கும் குடும்பம். இந்த விதியைச் சிலர் விசுவாசக் குறைவு என்றார்கள். அப்படியே இருக்கட்டும்.

குடும்பம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. சென்ற ஆண்டறிக்கையில் மிஷனெரியின் துணைவியாருக்கு, "அன்பான உபசரிப்புக்கு நன்றி" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இவ்வாண்டு ஒரு குழு தங்கியிருந்தபோது வேறு வேலையாக நானும் போக நேர்ந்தது. அதிகாலையில் தண்ணீர் பிடிப்பதிலிருந்து இரவு கடைசி விளக்கை அணைப்பதுவரை அந்த அம்மாள் உட்கார்ந்து பார்க்கவில்லை. பதினான்கு பேரின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தி மடித்து வைப்பதற்குள் அடுத்த குழுவின் பயணச்சீட்டு விவரம் வந்துவிடுகிறது. இடையில் மொழிபெயர்ப்பும் அவர்தான். அவர்களுடைய மகளுக்கு அப்போது பள்ளித் தேர்வு. அவளுடைய அறையில் விருந்தினர் படுத்திருந்தார்கள், அவள் சமையலறையில் படித்தாள். நான் பார்த்ததை அவர் கவனித்துவிட்டு, "இன்னும் இரண்டு நாள்தானே" என்றார். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு வரவிருந்த குழுவுக்குத் தேதி கொடுத்தவன் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இனி குழு தங்கும் நாட்களில் சமையலுக்கும் துவைப்பதற்கும் கூலிக்கு ஆள் வைக்கவும், அந்தச் செலவைக் குழுவே ஏற்கவும் தீர்மானித்திருக்கிறோம்.

நான்காம் குழுவில் வந்த ஓர் இளைஞர் மூன்றாம் நாளே ஊருக்குப் போக வேண்டும் என்றார். காரணம் சொல்லவில்லை. குழுத் தலைவருக்கு அவமானம். இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று நம் தரப்பிலும் ஒருவர் சொன்னார். மிஷனெரி அந்த இளைஞரைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, பஸ் புறப்படும்வரை கூடவே நின்றுவிட்டு வந்தார். ஊழியப் பயணத்தின்போது பம்பிலியாவில் பாதியில் திரும்பிப் போன மாற்கை மறுபடி கூட்டிப்போகப் பவுல் மறுத்தார். அதனால் உடன் ஊழியர் பர்னபாவும் அவரும் பிரிந்தே போனார்கள். அதே பவுல் பிற்பாடு, மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். விருந்தினர் பதிவேட்டில் "உங்களை மறக்கவே மாட்டோம்" என்று எழுதியவர்கள் பலர். தன்னோடு அறையில் தங்கிய நம் பையன்கள் இருவருக்கும் மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறவர், பதிவேட்டில் கையெழுத்துகூடப் போடாமல் போன அந்த இளைஞர் ஒருவரே.

இரண்டாம் பாதியில் ஒரே ஒரு குழு. அதற்கு முன் நான்கு மாதங்கள் மிஷனெரி கூடுகையைப் புதிதாகக் கட்டினார். புதிது என்றாலும் முறை பழையது. 1881-இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில், பிரான்சிஸ் கிளார்க் என்ற ஆயர் கிறிஸ்டியன் எண்டவர் சங்கத்தைத் தொடங்கியபோது, வாலிபர்களை உட்காரவைத்துப் பேசுவதை விட்டு அவர்கள் கையிலேயே வேலையைக் கொடுத்தார். உறுப்பினர் கூட்டத்தில் தாமும் பங்கெடுப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும்; ஜெபக் கூட்டத்துக்கு, புதியவர்களைச் சேர்ப்பதற்கு, வராதவர்களைத் தேடுவதற்கு என்று வாலிபர்களே குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். நம் மிஷனெரி முதலில் எடுத்துக்கொண்டது வராதவர்களைத் தேடும் குழுவை. பெயர்ப் பதிவேட்டோடு நான்கு பேர் வீடுவீடாகப் போனார்கள். முப்பது மீண்டும் முப்பது ஆனது. முன்பு வந்தவர்களே எல்லாரும் என்று சொல்ல முடியாது. சிலர் வரவே இல்லை.

மிஷனெரி தம் செய்தியைப் பன்னிரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டார். துரோவாவில் பவுல் நள்ளிரவுவரை பேசியதில் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இறந்ததைச் சொல்லி, "எழுப்பிவிடப் பவுலுக்கு வரம் இருந்தது, எனக்கு இல்லை" என்கிறார். மிச்ச நேரம் கேள்விப் பெட்டிக்கு. பெயர் எழுதாத சீட்டுகளில் திரித்துவத்தைப் பற்றி வந்தவை குறைவு. பெற்றோர் சண்டை, தேர்வு பயம், கைப்பேசியை விட முடியாமை, ஜெபித்தும் இறந்துபோன தம்பி. சில சீட்டுகளுக்கு அவர் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிப் பெட்டியில் திரும்பப் போட்டுவிடுகிறார்.

இரண்டாம் பாதியில் வந்த ஏழு பேர் கொண்ட குழுவிடம் அந்தப் பெட்டியையே நீட்டினார்கள். பாட்டும் நாடகமும் இல்லை. வட்டமாக உட்கார்ந்து சீட்டை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு சீட்டில், "உங்கள் வீட்டில் சபையை விட்டுப் போனவர்கள் உண்டா? ஏன் போனார்கள்?" என்று இருந்தது. குழுத் தலைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தம் மகனைப் பற்றிச் சொன்னார். அதற்கு மேல் இங்கே எழுதுவது முறையல்ல. அன்று வட்டத்தில் எழுந்துவந்து அவர்மேல் கைவைத்து ஜெபித்தவர்கள் நம் பிள்ளைகள். ஜெபத்தைத் தொடங்கியவள், சாட்சி சொல்வதை நிறுத்திய அந்த மகள்.

மூன்று நாள் முகாம் மழையால் ஒருமுறை தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளி வழக்கம்போல் நடந்தது.

கூடுகையிலிருந்து ஆறு பேர் படிப்புக்கும் வேலைக்கும் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இது குறை அல்ல. ஆனால் நம் திட்டத்தில் அவர்களுக்கு இடமே இருக்கவில்லை. 1844-இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ், கிராமத்திலிருந்து வந்து துணிக்கடையில் வேலை பார்த்த 22 வயது வாலிபர். தம்மைப்போல் ஊர்விட்டு வந்து கடை மாடிகளில் தங்கியிருந்தவர்களுக்காகவே அதைத் தொடங்கினார். நம் ஆறு பேருக்கும் மிஷனெரி வாரம் ஒருவர் என்று தொலைபேசியில் பேசுகிறார். அவர்கள் இருக்கும் நகரங்களில் உறவினர் உள்ள அங்கத்தினர் என்னிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அழைத்துப்போக ஒரு வீடாவது கிடைக்கும்.

வரும் ஆண்டுக்கு நான்கு சபைகளிலிருந்து குழு அனுப்பக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இருக்கும் இடம் இரண்டு. எதற்கும் நான் பதில் எழுதவில்லை. கடிதங்களை மிஷனெரிக்கும் அவருடைய துணைவியாருக்கும் அனுப்பியிருக்கிறேன். விருந்தோம்பலுக்கென்று மூவர் கொண்ட துணைக்குழு இன்று தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஒருவராவது, விருந்தினர் போன பிறகு வீட்டைக் கழுவித் துடைத்த அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். பெயர்களை இடைவேளைக்கு முன் என்னிடம் எழுதிக் கொடுக்கவும்.

இவண்,
செயலாளர்