சீகை பிடுங்க வந்த கைகளுக்கு

ஊர்க்காரர்களுக்கும் வெளியூரில் இருந்து வந்து உழைத்தவர்களுக்கும் வணக்கம்.

நீலகிரியில் குந்தா பக்கம் எங்கள் பட்டா நிலத்தின் கீழ்ச்சரிவில் ஒன்றரை ஏக்கர் சீகைக்காடு (தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் இல்லை, வாட்டில் மரம்) இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அப்பா காலத்தில் விறகுக்கு ஆகும் என்று விட்டது. அதை வெட்டி எடுத்த பிறகு இப்போது அங்கே புல் இடுப்பு உயரம் நிற்கிறது. பங்குனி முடிந்தும் பள்ளத்துச் சதுப்பு காயவில்லை. இது என் ஒருத்தி வேலை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் ஒரு மரத்தையும் தொட முடியாது. அந்த அலைச்சல் முழுக்க என்னோடு வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு நன்றி. வெட்டிய மரங்களில் கொஞ்சத்தைச் சரிவுக்குக் குறுக்கே போட்டுவைத்தீர்களே, அந்த வருட மழைக்கு ஒரு கூடை மண்கூடக் கீழே இறங்கவில்லை.

வெட்டியது ஒரு மாத வேலை. அதற்குப் பிறகு மூன்று வருடம் வந்தவர்களை நினைத்தால்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சீகை ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் போய் வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி முளைத்து வந்தது. அதைப் பார்த்த அன்று வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். தீ வைத்துவிடலாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன். வனக்காவலராக இருந்து ஓய்வுபெற்ற மாமாதான் தடுத்தார். சூடு பட்டால் விதையின் தோல் வெடித்து, தூங்குகிற விதையும் எழுந்துவிடும் என்றார். சரி, கையால்தான் பிடுங்க வேண்டும் என்று ஆனது. மழை நின்று மண் இளகியிருக்கும்போது பிடித்து இழுத்தால் வேரோடு வரும். காய்ந்த பிறகு இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் மறுபடி தழைக்கும். வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் வந்து குனிந்து நின்ற அக்காக்களே, உங்கள் இடுப்பு வலிக்கு நான் எதைக் கொடுத்து ஈடு செய்வேன்?

மந்தில் (தோடர் குடியிருப்பில்) இருந்து வந்த தோடர் பெரியவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சதுப்பு ஓரத்தில் களை என்று நினைத்து நாங்கள் பிடுங்கிப் போட்டிருந்த தூர்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், கோயில் கூரை வேய இந்தப் புல்லைத் தேடி எவ்வளவு தூரம் நடக்கிறோம் தெரியுமா அம்மா என்றார். கோபப்படவில்லை. தூரைப் பிரித்து எப்படி நடுவது என்று அவரே சேற்றில் இறங்கிக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் அன்று நட்டதில் முக்கால்வாசி பிடித்துக்கொண்டது. ஐயா, இந்த வருடம் கூரைக்கு வேண்டியதை எங்கள் பள்ளத்தில் இருந்தே அறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்மூலையில் இன்னும் நாற்றுகள் முளைக்கின்றன. ஐப்பசி மழை விட்டதும் நாள் சொல்கிறேன். டீயும் வர்க்கியும் நான் கொண்டுவருகிறேன்.