பிரீமியத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும்: எல்லாக் கட்சிகளுக்கும் ஒரு திறந்த மடல்

நாடாளுமன்றத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் சரி, கட்சித் தலைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியை எடுத்தாகிவிட்டது, இனி அதில் பேச ஒன்றுமில்லை என்று நீங்கள் முடிவுக்கு வந்துவிட்டதாகத் தெரிகிறது. ஆளுங்கட்சி அதைச் சேமிப்புத் திருவிழா என்று கொண்டாடியது. எதிர்க்கட்சிகள், நாங்கள் கேட்டதைத்தானே செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டன. எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் புதுப்பித்தல் நோட்டீஸ் வேறு கணக்குச் சொல்கிறது.

எனக்கும் கணவருக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு ஒரு ஃப்ளோட்டர் பாலிசி, அதாவது ஒரே தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ளும் பாலிசி. போன முறை பிரீமியம் 35,000, ஜிஎஸ்டி 6,300, ஆக 41,300 ரூபாய் கட்டினோம். இந்த முறை ஜிஎஸ்டி என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிரீமியம் 44,800. வரி போன இடத்தில் கம்பெனி வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்கு மேலும் 3,500 கேட்கிறது. காரணம் கேட்டால், கணவருக்கு 56 வயது ஆகிவிட்டதால் வயது அடுக்கு மாறிவிட்டதாம், மருத்துவச் செலவும் கூடிவிட்டதாம். எதனால் எவ்வளவு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நான் கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பி வைத்திருக்கிறது. அப்போது பாலிசிதான் எங்களைக் காப்பாற்றியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே ஸ்டென்ட்தான் இப்போது எங்களைக் கட்டிப் போட்டிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது, போர்ட்டிங் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் இருதய சிகிச்சை என்று எழுதியதும் அடுத்த கம்பெனி மன்னிக்கவும் என்று சொல்லிவிடுகிறது. அப்படிச் சொல்ல அதற்கு உரிமை உண்டு. ஆக, எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்பது எங்கள் கம்பெனிக்கும் நன்றாகத் தெரியும்.

பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜென்ட் தம்பி கடைக்கு வந்தார். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். "அக்கா, இருபது பர்சென்ட் கோ-பே சேர்த்துக்கலாம், பிரீமியம் கொஞ்சம் இறங்கும்" என்றார். பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவதுதான் கோ-பே; நான்கு லட்ச ரூபாய் பில் வந்தால் எண்பதாயிரம் நம் கையிலிருந்து போகும் என்று அர்த்தம். இல்லையென்றால் ஐந்து லட்சத்தை மூன்று லட்சமாகக் குறைத்துக்கொள்ளலாமாம். ஆஸ்பத்திரிச் செலவு ஏறியதால் பிரீமியத்தை ஏற்றினோம் என்கிறார்கள். அதைக் கட்ட முடியவில்லை என்றால் காப்பீட்டுத் தொகையை இறக்கிக்கொள் என்கிறார்கள். என் கணவர் இன்னும் ஒரு படி மேலே போய், "விட்டுடலாம், தஞ்சாவூர் மெடிக்கல் இருக்கு" என்று அரசு ஆஸ்பத்திரியைக் காட்டுகிறார். இத்தனை வருடம் விடாமல் கட்டியவர், உடம்பில் ஸ்டென்ட்டோடு இப்படிப் பேசுகிறார்.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். மூத்த குடிமக்களுக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்றுவதானால் முதலில் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அது அறுபது வயதிலிருந்துதான். அந்த வரம்பை எல்லா வயதினருக்கும் கொண்டுவாருங்கள். வயது அடுக்கு மாறுகிறது என்று சொல்லி ஏற்றுவதையும் அதற்குள் அடக்குங்கள். எங்கள் வீட்டில் ஏற்றியிருப்பது 28 சதவீதம். அறுபதைத் தொடும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், தொடும்போது பாலிசி கையில் இருக்குமா?

விலைக்கு வரம்பு வைப்பது நாட்டுக்குப் புதிதல்ல. 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்டுக்கே வைத்தீர்கள். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 என்று அறிவித்தபோது எந்த வானமும் இடிந்து விழவில்லை. நெஞ்சுக்குள் வைக்கும் கம்பிக்கு வைக்க முடிந்த வரம்பை, அதற்காகக் கட்டும் பிரீமியத்துக்கு வைக்க முடியாதா?

ஜிஎஸ்டி விஷயத்தில் நீங்கள் எல்லோரும் நடந்துகொண்டதை நான் மறக்கவில்லை. 2024 ஜூலையில் ஒரு மத்திய அமைச்சர், கட்கரி, இன்னொரு மத்திய அமைச்சருக்கு வரியை எடுங்கள் என்று கடிதம் எழுதினார். ஆகஸ்ட்டில் எதிர்க்கட்சி எம்பிக்கள் நாடாளுமன்ற வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். ஜிஎஸ்டிக்கு முன்பும் இந்த வரி இருந்தது, வசூலில் பெரும்பகுதி மாநிலங்களுக்குத்தான் போகிறது என்று நிதியமைச்சர் பதில் சொன்னார். சரி, வரியை முடிவுசெய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலில் யார் இருக்கிறார்கள்? ஒன்றிய நிதியமைச்சரும், எல்லாக் கட்சி ஆளும் மாநிலங்களின் அமைச்சர்களும்தானே? வாசலில் அட்டை பிடித்த கட்சிகளுக்கும் உள்ளே நாற்காலி இருந்தது. செப்டம்பரில் குழு போட்டார்கள், டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடித் தள்ளிவைத்தார்கள், வரி போனது 2025 செப்டம்பர் 22-ல். 2023-24-ல் மட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்திலிருந்து வந்த ஜிஎஸ்டி எட்டாயிரம் கோடிக்கு மேல். வேலை செய்யும் கம்பெனி தன் ஊழியர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் குரூப் பாலிசிக்கு அப்போதும் 18 சதவீதத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வரியை எடுத்த கையோடு, அந்தப் பலன் பாலிசிதாரருக்குப் போய்ச் சேர்கிறதா, அடிப்படைப் பிரீமியம் ஏறுகிறதா என்று உங்களில் ஒருவர் பின்தொடர்ந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

தேர்தல் என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஆரோக்கியம் ஞாபகம் வருகிறது. 2024-ல் ஒருவர் எழுபது வயதானவர்களுக்கு ஆயுஷ்மான் என்ற மத்திய அரசின் இலவசக் காப்பீடு என்றார், கொடுக்கவும் செய்தார். இன்னொருவர் 25 லட்சத்துக்குக் காப்பீடு என்றார். எங்களுக்கு எழுபது ஆக இன்னும் காலம் இருக்கிறது, 25 லட்சத்துக்கு அவர்கள் ஆட்சிக்கு வர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் வேறு பெயரில் வந்தது. ஏழைகளுக்கு அது பெரிய ஆதரவு, அதில் இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் வருட வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டினால் உள்ளே விட மாட்டார்கள். அதாவது கணவனும் மனைவியும் சேர்ந்து மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதித்தால் எந்த ஆஸ்பத்திரி பில்லையும் தாங்கும் வசதிக்காரர்கள் என்று பொருள். ஜெராக்ஸ் ஒரு பக்கம் இரண்டு ரூபாய் என்று எடுத்துக்கொடுப்பவள் வசதிக்காரி என்பது எனக்கே செய்திதான்.

காப்பீட்டுக் கம்பெனிகளில் வெளிநாட்டு முதலீட்டுக்கு மட்டும் வரம்பை மளமளவென்று உயர்த்தினீர்கள். 26 சதவீதத்தில் தொடங்கி 49, அப்புறம் 74, இப்போது நூறு. முதலீடு செய்பவர்களுக்கு வரம்பு இருக்கக் கூடாது என்பதில் இவ்வளவு அக்கறை. பணம் கட்டுபவர்களுக்கு வரம்பு வேண்டும் என்பதில் பாதி அக்கறையாவது இருந்திருக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான், பணிவாகவே கேட்கிறேன். எந்த வயதானாலும், ஒரு வருடத்தில் பிரீமியத்தை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு வரம்பு. ஏற்றினால், எதற்காக எவ்வளவு என்று நோட்டீஸிலேயே எழுதவேண்டிய கட்டாயம். இதற்கு வாசலில் நின்று அட்டை பிடிக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் உங்களில் யாராவது ஒருவர் எழுந்து, அறுபது வயதுக்குக் கீழே உள்ள பாலிசிதாரர்களுக்கு ஏன் அந்த 10 சதவீத வரம்பு இல்லை என்று கேட்டால் போதும். ஆளுங்கட்சி எம்பி கேட்டாலும் எங்களுக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு பாலிசிதாரர்