கோடை மழையில் மகிழ்வது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் கடந்த ஞாயிறன்று வெளியான கோடைக்கால வானிலைக் கண்ணோட்டத்தில், பங்குனி, சித்திரை மாதங்களில் டெல்டா மாவட்டங்களில் ஆங்காங்கே இடியுடன் மழை பெய்ய வாய்ப்புண்டு என்றும், வெயிலில் வாடும் டெல்டா விவசாயிகளுக்கு இது மகிழ்ச்சியான செய்தி என்றும் எழுதப்பட்டிருந்தது. மகிழ வேண்டியவர்களில் ஒருவன் என்ற முறையில், அந்த மகிழ்ச்சி மன்னார்குடி வட்டம் வரை வந்து சேரவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் அறியாததல்ல. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, வயல் ஈரம் காயாமல் மெழுகுபதத்தில் இருக்கும்போதே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதன்பின் பாசனம் என்று எதுவும் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை, மாசிப் பனியும்தான் அதை வளர்த்து ஆளாக்குகின்றன. மாசியில் ஒரு மழை பெய்தால் கையெடுத்துக் கும்பிடுவோம். அதே மழை பங்குனிக் கடைசியில், காய் முற்றிச் செடியைப் பிடுங்கிப் போட்டிருக்கும் நேரத்தில் பெய்தால் என்ன ஆகும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் ஒருமுறை களத்துமேட்டுக்கு வந்து பார்க்கலாம். போன ஆண்டு, குவித்து வைத்த செடியின் மேல் இரவோடு இரவாகப் படுதா போட்டு மூடினோம். மழை விட்டு வெயில் தலைகாட்டியபின் படுதாவை விலக்கினால், புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. காயைப் பிதுக்கிப் பார்த்தால் உள்ளேயே வெள்ளை முளை விட்டிருந்தது. எஞ்சியதைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்து, அடித்துத் தூற்றிக் கொண்டுபோனபோது, வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும், ஐயா” என்றார். மகிழ்ச்சியின் விலை அவ்வளவுதான்.

பருத்திக்காரர்கள் பாடு இதைவிட மோசம். மாசியில் விதைத்தது சித்திரை, வைகாசியில் பூவும் சப்பை என்கிற மொட்டுமாக நிற்கும். திருவாரூர்ப் பக்கத்துக் களிமண்ணில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அத்தனையும் உதிர்ந்துவிடும். தென்னை வைத்திருப்பவர்களுக்கும், போர்செட்டை நம்பி முன்பட்டக் குறுவைக்கு உழவு ஓட்டக் காத்திருப்பவர்களுக்கும் கோடை மழை நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு, எந்த வாரத்தில் என்று பாராமல் எல்லாரையும் ஒன்றாக மகிழவைப்பது சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு மட்டுமே கைவந்த கலை. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பாவை மழை சாய்த்துப் போட்டபோதும், கொள்முதல் நிலைய வாசலில் கிடந்த நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நாங்கள் தவித்தபோதும், வெளியூர்ச் செய்திகளில் குளுகுளு வானிலை என்றுதான் படித்த ஞாபகம்.

அதே கட்டுரையில், மாநிலத்தில் வெப்பநிலை இயல்பை ஒட்டியே இருக்கும் என்று இன்னொரு ஆறுதலும் இருந்தது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றையும் சேர்த்து ஒரே உட்பிரிவாக வைத்துத்தான் வானிலைத் துறை பருவக் கணக்குப் போடுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். வேலூருக்கும் வேதாரண்யத்துக்கும் ஒரே வரியில் ஆறுதல் சொன்னால் அது யாருக்குப் பொருந்தும்? வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ் வேண்டும், கடலோரத்தில் 37 போதும். சமவெளியில் இருந்துகொண்டே கடலின் புழுக்கத்தையும் சேர்த்து அனுபவிக்கும் எங்கள் ஊரில் 38-இல் ஆள் சுருண்டு விழுந்தாலும் அது கணக்கில் வராது. நண்பகலுக்குமேல் கடற்காற்று வந்துவிட்டால் மூச்சு விடலாம். மேற்குக் காற்று ஓங்கி அது தாமதிக்கிற நாள்களில் ஒதுங்க நிழலும் இல்லை, ஏனெனில் வீட்டுக்கு வீடு நின்ற மரங்களை 2018 நவம்பரில் கஜா புயல் கொண்டுபோய்விட்டது. வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அரசு அறிவித்ததைத் தாங்களும் வெளியிட்டீர்கள். ஆயினும் தங்கள் முதல் பக்கத்தில் வெயில் இன்னமும் கிரிக்கெட் வீரரைப் போலச் சதம்தான் அடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் நாடு முழுவதும் 199 இருந்தன. 2024 மார்ச்சுடன் அவற்றுக்கு மூடுவிழா நடந்தது. செவ்வாய், வெள்ளிகளில் எங்கள் கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்த, மருந்தடிக்கலாமா, அறுவடையைத் தள்ளிப்போடலாமா என்று சொல்லும் குறுஞ்செய்திகள் அத்தோடு நின்றன. அதைப் பற்றித் தங்கள் நாளிதழில், உள்பக்கத்தில்கூட, ஒரு பத்தி படித்த நினைவு எனக்கில்லை. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் எத்தனை டிகிரி என்பதை மட்டும் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. வானிலைத் துறை வாரந்தோறும் வியாழக்கிழமை அடுத்துவரும் வாரங்களுக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதை ஞாயிறு வரை ஊறவைத்துக் கட்டுரையாக்காமல், வெள்ளிக்கிழமை காலைப் பதிப்பிலேயே, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு என்று தனியாக நான்கு வரி, பங்குனி, சித்திரை இரண்டு மாதங்களுக்கு மட்டுமாவது வெளியிடக் கோருகிறேன். உளுந்து பிடுங்குவதை இரண்டு நாள் முன்னே இழுக்கவோ பின்னே தள்ளவோ எங்களுக்கு அது போதும். இடமில்லை என்றால், சதம் அடித்த ஊர்களின் பட்டியலில் நான்கு வரியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.