மழையில் மூடிய ட்ரெயிலரை வீட்டில் திறக்க இடமுண்டா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வெளியான கோடை விடுமுறைக் கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு போய், வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு போன்ற ட்ரெயிலரில் தங்கும் பழக்கம் நம்மவரிடையே பெருகிவருவதைக் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் புறப்படும் நாளில் மழை பெய்தால் எல்லாவற்றையும் இழுத்து மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்று ஒரே வரியில் அவர் முடித்துக்கொண்டது எனக்கு உறுத்தலாக இருந்தது. பதினொரு ஆண்டுகளாக ட்ரெயிலர் இழுத்துத் திரிபவன் என்ற முறையில் சொல்வதானால், வில்லங்கம் தொடங்குவதே அந்த 'இழுத்து மூடுவதில்'தான்.

ஸ்லைட்-அவுட் வைத்த ட்ரெயிலரைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ட்ரெயிலரின் பக்கச் சுவரில் ஒரு பெரிய மேசை இழுப்பறையைப் போல, சாப்பாட்டு மேசையோ சோபாவோ கட்டிலோ பொருத்தப்பட்ட ஒரு பெட்டி அறை இருக்கும். வண்டி ஓடும்போது அது உள்ளே ஒடுங்கியிருக்கும். முகாமில் ஒரு பொத்தானை அழுத்தினால் மின்மோட்டார் அதனை ஏறக்குறைய ஒரு மீற்றர் வெளியே தள்ளிவிடும். உள்ளே நடமாட இடம் கிடைக்கிறது என்பதற்காகவே பலரும் கூடுதல் பணம் கொடுத்து இதை வாங்குகிறார்கள். மழையில் முழு இரவும் நனைந்து கிடந்த அந்தப் பெட்டியின் கூரை, காலையில் பொத்தானை அழுத்தியதும் அப்படியே ட்ரெயிலருக்குள் வந்துவிடும் என்பதை விற்கும்போது எவரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

பெட்டியைச் சுற்றி றப்பர் விளிம்பு உண்டு. அது கூரையையும் பக்கங்களையும் உரசித் தண்ணீரை வெளியே வழித்துவிடும்படி செய்யப்பட்டது. புதிதாக இருக்கும்போது அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். வெயிலிலும் பனியிலும் நாலைந்து வருடம் கிடந்து விறைத்துப்போனாலோ, மடிய வேண்டிய பக்கம் மடியாமல் மறுபக்கம் சுருண்டு நின்றாலோ, ஒரு மேப்பிள் இலை அதன் அடியில் சிக்கினாலோ, அந்த இடைவெளியால் தண்ணீர் நூல்போல உள்ளே இறங்கும். கம்பளத்தில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பெட்டியின் தரைப்பலகை ஓரத்தில் ஊறினால் தெரியாது. பல ட்ரெயிலர்களில் அந்தத் தரை ஒட்டுப்பலகையாலோ மரச்சீவலை அழுத்திச் செய்த பலகையாலோ ஆனது. ஊறினால் உப்பும், உப்பினால் உதிரும்.

நான் இதனைக் கற்றுக்கொண்டது காசு கொடுத்துத்தான். முதல் ட்ரெயிலரைப் பழையதாக வாங்கி மூன்று கோடைகள் பாவித்தோம். மழையில் மூடிய நாட்களில் நேரே வாடகைத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த பயணத்தின்போதுதான் திறப்பேன். நாலாவது வசந்தத்தில் சாப்பாட்டு மேசைக்கருகே என் மனைவி கால் வைத்த இடம் பழைய பஞ்சு மெத்தைபோல அமுங்கியது. திருத்த வந்தவர் ஒரு திருப்புளியை எடுத்து, பலம் எதுவும் பிரயோகிக்காமல், தரை ஓரத்தில் ஊன்றினார். பிடிவரை இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது அதன் நுனியில் ஈரத் தேயிலைச் சக்கை போன்ற ஏதோ ஒட்டியிருந்தது. நான் மூன்று வருடம் நம்பி நடந்த தரை அது. திருத்தச் செலவு, வாங்கிய விலையில் கால்வாசியைத் தாண்டியது.

இனி, மழை நாளில் மூடுவது பற்றி. கடந்த செப்டெம்பர் கடைசி வாரத்தில், மேப்பிள் மரங்கள் சிவந்திருந்த நேரம், அல்கோன்குயின் பூங்காவில் 60ஆம் நெடுஞ்சாலையின் 30ஆவது கிலோமீற்றரை அண்டியுள்ள மியூ லேக் முகாமில் நாங்களும் மச்சான் குடும்பமும் தங்கியிருந்தோம். சனி இரவு தொடங்கிய மழை ஞாயிறு காலையும் விடவில்லை. எட்டு மணிக்கே பக்கத்து முகாமில் இருந்தவர்கள் அவதி அவதியாக எல்லாவற்றையும் மூடத் தொடங்கினார்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் பிற்பகல் 2 மணிவரை முகாமில் இருக்கலாம் என்பதை நம்மவர் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹோட்டலில் அறையை ஒப்படைக்கும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கும் பதினொரு மணிக்கு ஓட வெளிக்கிடுகிறார்கள். முகாமில் தொலைபேசித் தொடர்பு கிடைத்தால் கனடாச் சுற்றுச்சூழல் துறையின் வானிலை ராடர் படத்தைப் பார்த்து, மழைத்திரள் எப்போது கடக்கும் என்று ஓரளவுக்குக் கணிக்கலாம். நாங்கள் பொறுத்திருந்து, இடியப்பமும் சொதியும் சூடாக்கிச் சாப்பிட்டு, தேநீரும் குடித்து முடித்தபோது பதினொன்றரைக்கு மழை தூறலாகக் குறைந்தது.

தூறல் மட்டும் விழும் ஒரு முக்கால் மணி நேரம் கிடைத்தால் போதும். ஆனால் அது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். நான் மடிப்பு ஏணியைச் சாய்த்து வைத்து ஏறினேன். ஈரத்தில் ஏணி வழுக்கும் என்பதால் மச்சான் கீழே நின்று பிடித்துக்கொண்டார். கூரை முழுவதும் மேப்பிள் இலைகள் முத்திரை குத்தியதுபோல ஒட்டிக்கிடந்தன. தும்புத்தடியால் கூட்டினால் அவை அசையாது. முனையைக் கையால் கிளப்பி ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். அதன்பின் நீளப் பிடியுள்ள கண்ணாடித் துடைப்பானால் தண்ணீரை வெளிப்புறமாக வழித்து, கடைசியில் ஒரு பழைய துவாயால் ஓரங்களைத் துடைத்தேன். பெட்டியை முக்கால்வாசி உள்ளே எடுத்து நிறுத்தி, றப்பர் விளிம்பு வழித்துச் சேர்த்த தண்ணீரை இன்னொரு முறை துடைத்துவிட்டு, பிறகே முழுவதாக உள்ளே எடுத்தோம். உள்ளே, பெட்டி வந்து நிற்கும் இடத்தில் என் மனைவி முன்கூட்டியே இரண்டு துவாய்களை விரித்திருந்தார். ஒன்று அரைவாசி நனைந்திருந்தது. இவ்வளவு துடைத்தும் அந்த அரைவாசி!

பெட்டியின் மேல் சுருள்விரிப்பு, அதாவது பெட்டி வெளியே போகும்போது விரிந்து அதன் கூரையை மூடும் துணி, பூட்டியவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பதுண்டு. இலைகளைப் பொறுத்தவரை அது உண்மைதான். தண்ணீர் வேறு கதை. நாலு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள விரிப்பில் சராசரி ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அது 40 லீற்றர், அதாவது 40 கிலோ. பெட்டியை ஓர் அடி உள்ளே எடுத்து, தண்ணீர் வடிந்தபின் சற்று வெளியே விட்டு, மறுபடி எடுத்தால் பெரும்பகுதி இறங்கிவிடும். கீழே நிற்பவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், மச்சான் பார்க்கவில்லை.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். மழையில் கை நனைந்திருக்கும்போது முதலில் மின்கம்பியைக் கழற்றிச் சுற்றிவிடலாம் என்றே எவருக்கும் தோன்றும். பெட்டியை இழுக்கும் மோட்டார் ட்ரெயிலரின் 12 வோல்ட் பற்றரியில் ஓடுகிறது. முகாம் மின்சாரம் அந்தப் பற்றரியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. முதலே கழற்றிவிட்டால், பலவீனமான பற்றரி பெட்டியைப் பாதி வழியில் நிறுத்திவிடும். கொட்டும் மழையில், திறந்த வாயோடு. ஆகவே பெட்டி உள்ளே போனபின்புதான் மின்கம்பியைத் தொட வேண்டும். தொடும்போதும் முகாமின் மின்கம்பத்திலுள்ள பிரேக்கரை நிறுத்திவிட்டே இழுக்க வேண்டும்.

முன் பந்தலை ஒரு பக்கம் சரித்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சுருட்டுவதும், கழிவுநீர்த் தாங்கியைக் காலி செய்வதும் வழமையான வேலைகள். அவற்றைக் கட்டுரையாளரே சொல்லிவிட்டார். கட்டில்கள் இரு புறமும் வெளியே இழுபடும் துணிக் கூடார ட்ரெயிலர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூரையை இறக்கும்போது நனைந்த துணி நேரே மெத்தைமேல்தான் படியும். மெத்தைக்கும் துணிக்கும் நடுவே ஒரு படங்கை விரித்துவிட்டால் மெத்தை தப்பும்.

இத்தனையும் செய்தாலும் வண்டி ஈரத்தோடுதான் வீடு வரும். நான் இக்கடிதம் எழுதப் புகுந்ததும் இதனைச் சொல்லத்தான். ஈரம் பட்ட பொருட்கள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டல். ஆகவே ஞாயிறு மழையில் மூடிய பெட்டியை செவ்வாய்க்கு முன் எங்காவது முழுவதாகத் திறந்து காயவிட வேண்டும். எங்கே திறப்பது? மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் ஏஜெக்ஸிலும் நம்மவர் பலர் இருப்பது அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீடுகளில். வாகனப் பாதையில் ட்ரெயிலரை விட்டால் பெட்டி அயலவர் காரின் மேல்தான் திறக்கும். போதாததற்கு ட்ரெயிலரை வீட்டின் முன் எத்தனை நாள் விடலாம் என்பதில் ஒவ்வொரு நகரசபைக்கும் ஒவ்வொரு விதி.

வாடகைத் தரிப்பிடங்களின் நிலை இதைவிட மோசம். நான் முதலில் மாதக் கட்டணம் கட்டிய இடத்தில் ட்ரெயிலர்களை ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழையலாம். பெட்டியைத் திறப்பது பற்றிக் கேட்டபோது, இது முகாம் அல்ல, நிறுத்தும் இடம் என்று பதில் வந்தது. அவர்கள் பக்கத்தில் அது நியாயமாகவே இருக்கலாம், ஆனால் என் ட்ரெயிலர் அழுகியது அங்கேதான். இப்போது சற்றுத் தொலைவில், கட்டணம் கூடிய ஓரிடத்தில் விடுகிறேன். அங்கே வாசலருகே இரண்டு இடங்களைத் திறந்து காயவைப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கு ஒரு நாள் மின்சாரம் பெற்று, ஈரம் உறிஞ்சும் சிறு இயந்திரத்தை உள்ளே ஓடவிட்டு, மறுநாள் போய்ப் பார்த்தால் அதன் வாளியில் தண்ணீர் நிரம்பியிருக்கும். அந்த மியூ லேக் பயணத்துக்குப் பிறகு இரண்டு முறை ஊற்ற வேண்டியிருந்தது. ஒக்ரோபரில் குழாய்களைக் குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்துவிட்டு, பெட்டியின் ஓர ஈரத்தை மறந்தவர்கள், உறைந்தால் தண்ணீர் விரியும் என்பதை அடுத்த சித்திரையில் கண்டுகொள்வார்கள்.

தங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களில் ட்ரெயிலர் விற்பவர்களும் தரிப்பிடம் வாடகைக்கு விடுபவர்களும் இப்போது அதிகம் இடம்பெறுகிறார்கள். மாதக் கட்டணத்தையும் வேலியையும் கண்காணிப்புக் கமெராவையும் குறிப்பிடும் அவர்கள், ஸ்லைட்-அவுட்டைத் திறந்து காயவைக்க இடமும் மின்இணைப்பும் உண்டா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடும்படி தாங்கள் கேட்டுக்கொண்டால், முதல் முறை ட்ரெயிலர் வாங்கும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும். அப்படியொரு வரி இல்லாத விளம்பரத்தைக் காணும் வாசகர்கள், கையெழுத்திடுவதற்கு முன் அந்த இடத்துக்கு நேரே போய், இரு ட்ரெயிலர்களுக்கு நடுவே தாங்கள் நின்று இரு கைகளையும் நீட்டிப் பார்க்கட்டும்.

இங்ஙனம்,
மார்க்கம் வாசகர் ஒருவர்