அம்மைக்க நம்பரை முதல்ல மாத்து மக்கா

மக்கா,

சுகம்தானே? இங்க எல்லாரும் நல்லாருக்கோம். மழை விட்டு விட்டுப் பெய்யி, ரப்பர் வெட்டு ஒழுங்கா நடக்கல்ல, சின்னவளுக்கு ஸ்கூல் மாத்தியாச்சு. மத்த கதையெல்லாம் நீ லீவுக்கு வரும்போ பேசிக்கலாம், இப்ப அவசரம் வேற.

நீ வீட்டுச் சாமானெல்லாம் ஆன்லைன்ல விக்கப் போட்டிருக்கன்னு நேத்து டிரைவர் சொன்னான், உடனே எடுத்துப் பாத்தேன். அயனி மரக் கட்டில், பிரிட்ஜ், உனக்க பழைய வண்டி, போட்டோவெல்லாம் கொள்ளாம். ஆனா கீழ அம்மைக்க நம்பரைக் கொடுத்திருக்கியே! நீ ஷார்ஜாவுல இருக்க. அம்மை அந்த வீட்டுல தனியா இருக்காவ, கூகுள் பேயில மருந்துக்கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் காசு போட இப்பத்தான் பழகியிருக்காவ, நீ மாசாமாசம் அனுப்புற பணம் மொத்தமும் அந்த ஒரே அக்கவுண்ட்லதான் கெடக்கு. அந்த நம்பரை எடுத்துட்டு எனக்க நம்பரைப் போடு. வாங்குறவனுகளை நான் பாத்துக்கிடுகேன்.

நான் எதுக்கு இப்படிக் கெடந்து வெப்ராளப்படுகேன்னா, பெரிய மைனிக்கு நடந்தது உனக்குத் தெரியாது. வீட்டுல ஆரும் வெளிய சொல்லல்ல.

மைனி மகன் கூட கோயம்புத்தூருக்குப் போறதால டைனிங் டேபிளை 14,000 ரூபாய்க்குப் போட்டிருந்தாவ. போட்ட கொஞ்ச நேரத்துல ஒருத்தன் கூப்பிட்டு, நான் சிஐஎஸ்எஃப், கூடங்குளத்துல டூட்டி, குடும்பம் இப்பத்தான் வருது, டேபிள் எனக்கே வேணும், நாளைக்கு வண்டி அனுப்புகேன், பணத்தை இப்பவே போட்டுருகேன்னு சொல்லியிருக்கான். பேரமே பேசல்ல. லேய், நம்ம ஊர்ல பேரம் பேசாம சாமான் வாங்குறவன் உண்டா? திங்கச்சந்தையில ஒரு ஏத்தங்குலைக்கு அரை மணிக்கூரு நின்னு பேசி, குலைக்காரனே சிரிச்சு விலையைக் குறைக்க வச்சவன் நீ. நேர்ல வந்து பாக்காம, தட்டிப் பாக்காம, சொன்ன விலைக்கே ஒருத்தன் சம்மதிக்கான்னா அப்பவே போனை வச்சிரணும். யூனிபார்ம்ல நிக்க போட்டோ, ஐடி கார்டு எல்லாம் மைனிக்கு அனுப்பிட்டான். அந்தக் கார்டு வேற ஒரு அப்பாவி ஆளுக்க கார்டா இருக்கும், அவ்வளவுதான். பதிலுக்கு மைனிக்க ஆதாரையும் கேட்டு வாங்கியிருக்கான், அதைக் காட்டி அடுத்த ஆளை ஏமாத்துவானே, அதை நெனச்சாலும் பதறுது.

பொறவு ஒரு கியூஆர் வந்துது. ஆபீஸ் அக்கவுண்ட்ல இருந்து வாற பணம், நீங்க ஸ்கேன் பண்ணாத்தான் ஏறும், முதல்ல 5 ரூபாய் போட்டுப் பாருங்கன்னு சொல்லியிருக்கான். மைனி ஸ்கேன் பண்ணி பின் போட்டாவ, 5 போச்சு, உடனே 10 ரூபாய் திரும்ப வந்துது. அந்தப் பத்து ரூபாயிலதான் மைனி நம்பிட்டாவ. அடுத்த கியூஆர்ல 14,000. பின் போட்டதும் காசு போச்சு. சர்வர் மாட்டிக்கிட்டு மேடம், இன்னொருக்கா போட்டா ரெண்டும் சேந்து 28,000 வந்துரும், போனை மட்டும் வைக்காதீங்கன்னு மூச்சு விட நேரம் கொடுக்காம பேசியிருக்கான், மைனி ரெண்டாவதும் போட்டாவ. எனக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாவ. மேல வேற ஒரு பொம்பளைக்க பேரு, அடியில பட்டன்ல பணம் செலுத்துன்னு பச்சையா இருக்கு. பேரு மாறியிருக்கேன்னு மைனி கேக்கவும் செஞ்சிருக்காவ, அது எங்க அக்கவுண்ட்ஸ் மேடம்னு சொல்லிட்டானாம்.

மக்கா, அம்மைட்ட நீ ஒரு பத்து தடவ சொல்ல வேண்டியது இதுதான்: பணம் வாங்குறதுக்கு நாம ஒண்ணுமே செய்யாண்டாம். ஸ்கேன் பண்ணாண்டாம், பின் போடாண்டாம், லிங்கைத் தொடாண்டாம், அவன் அனுப்புற ஆப்பை ஏத்தாண்டாம், ஓடிபி சொல்லாண்டாம். பின் கேக்குதுன்னா காசு வெளிய போகுதுன்னு அர்த்தம். முந்தி பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பியும் பறிப்பானுக, ஆளுக்கு ஆள் அனுப்புற அந்த ரிக்வெஸ்ட்டை 2025 அக்டோபர் 1-ல இருந்து யுபிஐயை நடத்துற என்பிசிஐ நிறுத்தியாச்சு. ஆனா கியூஆர் தொழில் நிக்கல்ல.

இன்னொண்ணு இருக்கு, அம்மை மாதிரி மனசுள்ளவங்களைத்தான் அதுல பிடிப்பானுக. 2,000 அனுப்புறதுக்குப் பதிலா 20,000 அனுப்பிட்டேன், ஆசுபத்திரிச் செலவுக்கு வச்சிருந்த காசு, மீதியைத் திருப்பிப் போடுங்கன்னு அழுவான். பேங்குல இருந்து வந்த மாதிரியே எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கும், அது அவனே சாதா நம்பர்ல இருந்து டைப் அடிச்சு அனுப்பினது. நேர்ல வாறவன் காட்டுற பச்சை டிக்கும் அப்படித்தான், அதுக்குன்னே போலி ஆப் இருக்கு. நம்ம பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸ் கூடியிருக்கான்னு பாத்த பொறவுதான் சாமான் வாசலைத் தாண்டணும்.

மைனி காரியத்துல எனக்கு வயிறு எரியிறது காசு போனதுக்கு மட்டும் இல்ல. அன்னைக்கு ராத்திரி முழுக்க ஆருட்டயும் சொல்லாம முழிச்சுக் கெடந்திருக்காவ, அண்ணன் ஏசுவான்னு பயம். விடிஞ்சு சொன்னதும் அண்ணன் ஏசவும் செஞ்சான், டீச்சரா இருந்தவளுக்கு இது தெரியாதான்னு பிள்ளைக முன்ன வச்சே கேட்டான். அதுக்குப் பொறவுதான் சைபர் மோசடிப் புகாருக்குள்ள 1930-க்குக் கூப்பிட்டோம். அந்த நம்பர் எதுக்கு இருக்கு? திருடினவன் அக்கவுண்ட்ல காசு கெடக்கும்போதே அதை முடக்கி வைக்கத்தான். உடனே கூப்பிட்டாத்தான் பிடிக்க முடியும், ஒரு ராத்திரி போச்சுன்னா காசு கை மாறிக் கை மாறி எங்கயோ போயிரும். மைனிக்க காசும் அப்படித்தான் போச்சு. சைபர்கிரைம் போர்ட்டல்லயும் புகார் போட்டோம், நாகர்கோவில்ல சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கும் போனோம், யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பர், ஸ்கிரீன்ஷாட், அவன் பேசின நம்பர் எல்லாம் கொடுத்திருக்கு. நல்லாப் படிச்சவங்களும் மாட்டுகாவ, பொழுதன்னைக்கும் இதையே தொழிலா வச்சிருக்கவன் விரிக்கிற வலை இது. மாட்டினவங்களை ஏசினா அவங்க வாயை மூடிக்கிடுவாங்க, திருடனுக்கு அதுதானே வேணும்? அதனால அம்மைட்ட ஒரு வார்த்தை சொல்லி வை, எது நடந்தாலும் அந்த நிமிஷமே சொல்லணும், நான் ஏச மாட்டேன்னு. நீ முன்கோபக்காரன், அதான் சொல்லுகேன்.

வண்டி காரியத்துல ஆர்சியையும் சாவியையும் தூக்கிக் கொடுத்துட்டு இருந்துராத. நம்ம மாவட்டத்துக்காரன் வாங்கினா ஃபார்ம் 29, 30 கையெழுத்துப் போட்டு பேரு மாறினதைப் பாத்தாத்தான் நமக்கு நிம்மதி. கேரளாவுல இருந்து பாறசாலைக்காரன் வந்தான்னா ஃபார்ம் 28 போட்டு மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீஸ்ல என்ஓசி, அதான் தடையில்லாச் சான்று, எடுக்கணும், உனக்கது டிஎன் 75 வண்டி. பேரு மாறாம அவன் எங்கயாவது இடிச்சான்னா நஷ்டஈடு உன் தலையிலதான் விழும், 2018-ல சுப்ரீம் கோர்ட்டே அப்படிச் சொல்லியாச்சு. ஓட்டிப் பாக்கணும்னு கேட்டா நான் பின்னால ஏறிக்கிடுகேன்.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து சாமானை முன் வராந்தாவுல எடுத்துப் போடுகேன், பாக்க வாறவன் அங்க நின்னு பாக்கட்டும், உள்ள ஆரையும் ஏத்தாண்டாம். கட்டிலுக்கு 9,000 ரொம்பக் குறைச்சல், இப்ப அயனி அந்த விலைக்குக் கிடைக்காது, 12,000-ன்னு மாத்து. அந்த ஊஞ்சப் பலகையை மட்டும் விக்கப் போட்டுராத, அதை நான் எடுத்துக்கிடுகேன். விலையை நீயே சொல்லு, பேரம் பேச மாட்டேன்.