காணிக்கையால் வருவதா இரட்சிப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

தசமபாகத்தில், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதில், உண்மையாயிருப்பவனின் பெயர்தான் இரட்சிக்கப்பட்டவர்களின் பெயர் எழுதப்பட்ட ஜீவபுஸ்தகத்தில் நிலைக்கும் என்று சென்ற இதழின் தேவசெய்தியில் ஒரு வரி வந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் தாங்களும் பார்த்திருப்பீர்கள். எபேசியர் 2:8, 9 தங்களுக்குத் தெரியாததல்ல. இரட்சிப்பு தேவனுடைய ஈவு, கிரியைகளினால் உண்டானதல்ல என்று ஓய்வுநாள் பாடசாலையிலேயே நமக்கு மனப்பாடம் செய்வித்தார்கள்.

என் அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்தார். பேச்சு குழறியபோதும் இயேசுவின் இரத்தம் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அடக்க ஆராதனைக்குக் கேட்கப் போனால், சபைப் பொறுப்பாளர் ஒருவர், சபையார் கட்டும் சங்கக் காணிக்கையின் நோட்டை விரித்து, அம்மா பெயருக்கு நேரே காலியாக இருந்த கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பாக்கியைக் கட்டி ரசீது வாங்கிய பிறகுதான் கோயில் மணி அடித்தது. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்தச் சபைக்குக் காணிக்கை கட்டினான், ஐயா? அன்றைக்கே அவனுக்குப் பரதீசு கிடைத்ததே!

ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது அதிக ஏலம் கேட்டவர் பெயரை மைக்கில் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். ஆலயத்து மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர். இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை.

ரோமில் பேதுரு பேராலயம் கட்டுவதற்காகப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்துத்தானே 1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லுத்தர் எழுந்தார்? நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பில் வைக்கும் விசுவாசத்தால் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று கத்தோலிக்கரும், லுத்தர் வழிவந்த லுத்தரன் சபையாரும் சேர்ந்து 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். நாம் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகிறோம்.

கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபத்தைக் காட்டுவார்கள். சரி, நானும் அதை நம்புகிறேன், காணிக்கையும் போடுகிறேன். இரட்சிக்கப்பட்ட நன்றிக்காகக் கொடுப்பது வேறு, இரட்சிப்புக்கு விலையாகக் கொடுப்பது வேறு. நம்முடைய நீதி அழுக்கான கந்தை என்கிறார் ஏசாயா. நாம் உடுத்திக்கொண்டு நிற்பது கிறிஸ்துவின் நீதியை. அதற்கு விலை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்த இதழில் அதே பக்கத்தில், அந்த வரி தவறு என்று குறிப்பிட்டு, எபேசியர் 2:8 முதல் 10 வரை முழுவதுமாக வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
நெடுநாள் சந்தாதாரர்,
திருநெல்வேலி மாவட்டம்.