முகக் கரப்பானுக்கு மருந்துக்கடை ட்யூப் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகத்தில் கரப்பான் (எக்ஸிமா) வந்தால் பலரும் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். அங்கே கைக்கு வரும் ட்யூபில் பெரும்பாலும் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்னும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும்கூடச் சேர்ந்திருக்கும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்த பிறகும் சீட்டில்லாத விற்பனை நிற்கவில்லை.

தடவிய இரண்டு மூன்று நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும். ஆபத்தே அதில்தான். முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றித் தோல் சுமார் 6 மடங்கும் தாடையோரத் தோல் சுமார் 13 மடங்கும் அதிகமாக ஸ்டீராய்டை உள்ளிழுக்கும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் இழை இழையாகத் தெரியும், பரு கிளம்பும், பூனைமுடி அடர்ந்து வளரும். இமையில் தடவுவோருக்குக் கண் அழுத்தம் ஏறலாம். நிறுத்தினாலோ முகம் முன்னைவிடச் சிவந்து எரியும். பயந்துபோய் மறுபடி அதையே தடவுவார்கள். கரப்பான் என்று நினைத்தது உண்மையில் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றாக இருந்தால், உருமாறி இன்னும் பரவும்.

முகத்துக்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது 1% ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பு. அதுவும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். அடிக்கடி திரும்பி வருகிறதென்றால் டாக்ரோலிமஸ் என்னும் ஸ்டீராய்டு அல்லாத களிம்பு உண்டு: 2 முதல் 15 வயது வரை 0.03%, பெரியவர்களுக்கு 0.1%. இது தோலை மெலியவைக்காது. முதல் சில நாள் சுரீரென்று எரியும். ஒவ்வாமை என்று நினைத்துப் பலர் அப்போதே விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் எரிச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தொடர்வார்கள்.

மருந்து எதுவானாலும் சோப்பை விட்டுவிட்டு, முகம் கழுவியதும் துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். இதைச் செய்யாமல் களிம்பை மட்டும் நம்பினால் கரப்பான் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

காரணம் பல நேரம் முகத்திலேயே இருக்காது. இமை மட்டும் அரித்தால் தலைச்சாயத்தையும் நகப்பூச்சையும் சந்தேகியுங்கள். ‘கருப்பு மருதாணி’ என்று விற்கும் பொடிகள் பலவற்றிலும், தலைச்சாயத்தில் உள்ள, ஒவ்வாமை தரும் பிபிடி ரசாயனம் உண்டு. நெற்றி நடுவில் மட்டும் என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. வயலில் வேலை செய்வோருக்கு இமையிலும் கழுத்து மடிப்பிலும் வந்தால் பார்த்தீனியம் செடியாக இருக்கலாம். மூக்கோரத்திலும் புருவத்திலும் எண்ணெய்ப் பசையான மஞ்சள் செதில் உதிர்வது வேறு வகை. அதற்குக் கீட்டோகோனசோல் களிம்பு கேட்கும்.

கரப்பான் உள்ள இடத்தில் ஒரே அளவிலான கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணருகே என்றால் பார்வைக்கே ஆபத்து.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தக் கூட்டுக் களிம்புகளின் சில்லறை விற்பனையைக் கடைகளில் நேரில் சோதிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா போன்ற அழகுக் குறிப்புகளைத் தாங்கள் வெளியிடும்போது, வெடித்த தோலில் இவற்றைத் தடவக்கூடாது என்ற ஒரு வரியையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர், மதுரை